ஊர் யாருக்கு மாலை சூட்டும்?



உள்ளூராட்சிச் சபையொன்றின் மாதாந்தக் கூட்டம் எப்படி நடைபெறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தவிசாளர் ஆசனத்தில் அமர்வார். செயலாளர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை முன்வைப்பார். அது திருத்தங்களுடன் உறுதிப்படுத்தப்படும். கணக்கறிக்கை வரும். பின்னர் வட்டாரம் வட்டாரமாக முறைப்பாடுகள் எழும். இந்த ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை. அந்தச் சந்தியில் மதகு உடைந்து கிடக்கிறது. சந்தைக் குத்தகைக்காரர் கட்டணத்துக்கு மேல் அறவிடுகிறார். மாரி தொடங்குமுன் வாய்க்கால் துப்புரவாக்கப்பட வேண்டும். இவையெல்லாம் முடிந்து, உறுப்பினர்கள் எழுந்திருக்க ஆயத்தமாகும் வேளையில், நிகழ்ச்சி நிரலின் அடியில் ஒரு சிறு விடயம் எஞ்சியிருக்கும். எமது ஊருக்குப் பெருமை சேர்த்த இன்னாரைப் பாராட்ட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பிரேரிப்பார்; மற்றொருவர் வழிமொழிவார்; ஏகமனதாக நிறைவேறும்.

வாய்க்காலுக்காக ஒரு மணி நேரம் வாதாடிய சபை, மாலைக்காக ஒரு நிமிடமும் சிந்திப்பதில்லை. பாராட்டில் சிந்திக்க என்ன இருக்கிறது, நல்லது செய்தவனை நல்லவன் என்று சொல்வதற்கு விவாதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஓர் ஊர் தன் பெயரால், தன் பணத்தால், தன் பிள்ளைகளின் கண்முன்னால் ஒருவருக்கு மாலை சூட்டும்போது, “இப்படி வாழுங்கள்” என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மதகு பிழையாகக் கட்டப்பட்டால் அடுத்த மாரியிலே தெரிந்துவிடும். மாலை பிழையாகச் சூட்டப்பட்டால் அது தெரிய ஒரு தலைமுறை செல்லும். ஆகவே இந்த வாரம் இவ்விடயத்தைச் சற்று ஆழமாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் ஆட்சேபனைக்கு விடை கூறவேண்டும். சபையின் வேலை குப்பை அள்ளுவதும் தெரு போடுவதும். மாலை போடுவது அதன் வேலையன்று என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்நாட்டிலே உள்ளூராட்சி பிறந்த வரலாற்றைப் பார்த்தால் அது தெளிவாகும். 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றின. 1892 இல் சிறு பட்டினங்களுக்கென அமைக்கப்பட்டவற்றுக்குச் சுகாதாரச் சபைகள் என்றே பெயர். கழிவுநீர் வடிய வேண்டும், குடிநீர் நஞ்சாகக் கூடாது, தொற்றுநோய் பரவக் கூடாது என்ற தேவையே எமது பட்டினங்களுக்குச் சபைகளைத் தந்தது. அந்தக் கடமையைச் செய்யாத சபை வேறு எதைச் செய்தாலும் அதன் பெயருக்குத் தகுதியற்றதே.

எனினும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் வளர்ப்பதும் சபையின் கடமை என்று பொதுப்படவும் சொல்லி வைத்தது. மனிதனின் நலன் வடிகானோடு முடிவதன்று. தன் அயலவன் செய்த நன்மையைக் கண்டறிந்து, அதை நன்மை என்று வாய்திறந்து சொல்லும் ஊரிலேயே நன்மை மீண்டும் முளைக்கும். நன்றி கெட்ட ஊரில் பொதுப்பணி செய்ய எவரும் முன்வரமாட்டார். வந்தவரும் நெடுங்காலம் நிலைக்கமாட்டார்.

எம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. ஊரின் ஆநிரையை மீட்கப் போராடி வீழ்ந்தவனுக்கு அவர்கள் கல் நட்டார்கள். அவன் பெயரையும் செயலையும் அதிலே பொறித்தார்கள். அந்தக் கல்லை எப்படித் தேர்வது, எப்படிக் கொணர்வது, எப்படி நீராட்டுவது, எப்படி நடுவது என்று படிமுறைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. கல் நடுவது அவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்ட ஊர்க்காரியமாக இருந்தது. வள்ளுவரும் ‘புகழ்’ என்னும் அதிகாரத்தை அரசியலிலே வைக்கவில்லை. இல்லறவியலின் இறுதியிலே, ‘ஈகை’ என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தார். கொடுத்தலுக்குப் பின்னால் வருவதே புகழ். பதவிக்குப் பின்னால் வருவதன்று என்பதை அந்த வரிசையே எமக்கு உணர்த்துகிறது எனலாம்.

அப்படியானால் சபை பாராட்டலாமா என்ற கேள்வி தீர்ந்தது. பாராட்டலாம்; பாராட்டவும் வேண்டும். எஞ்சியிருப்பது கடினமான கேள்வி: எதைப் பாராட்டுவது, யாரைப் பாராட்டுவது, எந்தத் தகுதியோடு பாராட்டுவது?

இதற்கு விடை காண, கனம் என்பது யாது என்று முதலில் தெளிய வேண்டும். கனம் என்பது அதைப் பெறுபவனிடத்தில் இருப்பதைவிட அதைக் கொடுப்பவர்களிடத்திலேயே அதிகம் தங்கியிருக்கிறது என்று அரிஸ்டோட்டில் கருதினார். ஆகையால் அதை வாழ்வின் உச்சப் பேறாக அவர் ஏற்கவில்லை. அவர் வழி சிந்தித்த தோமஸ் அக்குவினாஸ், கனம்பண்ணுதல் என்பது ஒருவரிடத்துள்ள மேன்மைக்குச் சான்று பகர்தல் என்று விளக்கினார். மனிதர் உள்ளத்தில் எண்ணுவது பிறர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சொல்லாலும், வணக்கத்தாலும், காணிக்கையாலும், சிலையாலும் அச்சான்றை வெளியிட வேண்டியிருக்கிறது. பொன்னாடையும் மாலையும் நினைவுக் கேடயமும் இவ்வாறான அடையாளங்களே.

இந்த வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டால், சபையின் பாராட்டுப் பிரேரணை ஒரு சாட்சியம் என்றாகிறது. சாட்சி சொல்பவனிடம் நீதிமன்றம் எவற்றை எதிர்பார்க்கும்? முதலாவது, தான் சொல்லும் விடயத்தை அவன் அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தச் சாட்சியத்தால் அவன் சுயலாபம் அடையக் கூடாது. மூன்றாவது, சாட்சியத்தின் மறைவில் அவன் வேறொரு உண்மையை மூடி மறைக்கக் கூடாது. இந்த மூன்று அளவுகோல்களையும் எமது ஊர்களின் பாராட்டு விழாக்களுக்கு வைத்துப் பார்ப்போமா?

முதலாவது அளவுகோல் அறிவு. பாராட்டப்படுபவர் செய்தது என்ன என்பதைச் சபை அறிந்திருக்கிறதா? பல பிரேரணைகளில் “சமூகத்துக்கு அளப்பரிய சேவையாற்றிய” என்ற சொற்றொடரைத் தவிர வேறு செய்தி கிடையாது. அளப்பரியது என்று சொன்னால் அளக்கும் தொல்லை இல்லையல்லவா? எந்த ஆண்டில், எந்தக் குறிச்சியில், எந்தக் குறையை, எவருடைய துணையோடு அவர் நீக்கினார் என்று நான்கு வரி எழுத முடியாவிட்டால், சபைக்கு அவரைத் தெரியாது என்பதே பொருள். தெரியாததற்குச் சாட்சி சொல்வது, அது எவ்வளவு இனிய சொல்லாக இருந்தாலும், பொய்ச் சாட்சியின் பக்கத்து வீடே. இவர் பணக்காரர், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், கட்டடத்துக்குப் பணம் தரக்கூடியவர் என்பதற்காக மட்டும் மாலை விழுமானால், அதற்கு முகத்தாட்சிணியம் என்று பெயர். செல்வனை அவன் செல்வத்துக்காகவே கனம்பண்ணுவது குற்றம் என்று அக்குவினாஸ் வெளிப்படையாகவே எழுதினார். கொடையை எதிர்பார்த்துக் கொடுக்கும் மாலை சாட்சியமன்று, அது முற்பணம்.

இரண்டாவது அளவுகோல் தன்னலமின்மை. பரீட்சை முடிவுகள் வெளிவந்த மறுநாள் எமது சந்திகளை நினைத்துப் பாருங்கள். புலமைப் பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பத்து வயதுக் குழந்தையின் படத்தோடு ஒரு பதாகை; க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெற்ற மாணவியின் படத்தோடு மற்றொன்று. வாழ்த்துபவரின் படம் அதே பதாகையில் பிள்ளையின் படத்திலும் பெரிதாக இருக்கும். அவர் அந்த வட்டார உறுப்பினராக இருப்பார்; அல்லது அடுத்த தேர்தலில் உறுப்பினராக விரும்புபவராக இருப்பார். இங்கே யார் யாரைக் கனம்பண்ணுகிறார்கள்? பிள்ளையின் உழைப்பு என்னும் விளக்கை எடுத்துத் தம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே உண்மை. மதகுகளின் மேல் பதிக்கப்படும் கல்லிலும் இதே கதைதான். வரியிறுப்பாளரின் பணத்தால், மேசனின் கையால் எழுந்த மதகிலே, திறந்து வைத்தவரின் பெயர் மட்டும் நிலைத்திருக்கும்.

பரீட்சைச் சித்தியைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. கல்வியை நேசிக்கும் சமூகம் நாம். பிள்ளைகளின் வெற்றியில் மகிழ்வது நன்று. ஆனால் திறமை வேறு, தொண்டு வேறு. திறமைக்குரிய பரிசை பல்கலைக்கழக அனுமதியும் தொழிலும் சம்பளமும் காலப்போக்கில் தந்துவிடும். தொண்டுக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது. ஊரின் நன்றி ஒன்றே அதற்குக் கிடைக்கக்கூடிய ஊதியம். திறமைக்கே எல்லா மாலைகளையும் சூட்டித் தொண்டை மறக்கும் ஊரில், நன்றாகப் படித்து ஊரைவிட்டுப் போவதே ஊருக்குச் செய்யும் பெருஞ் சேவை என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். அதன் விளைவை நாம் கண்ணாரக் கண்டுகொண்டிருக்கிறோம். மேலும், அதே வகுப்பில் சித்தியடையாத பிள்ளையும் அந்தப் பதாகையைக் கடந்துதான் தினமும் பாடசாலைக்குப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஊர் முழுவதும் சேர்ந்து சாதித்ததை எப்படிக் கனம்பண்ணுவது என்பது இன்னும் சிக்கலான பிரச்சினை. இதற்கு எம் கண்முன்னே ஒரு பெரிய உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சொல்கிறேன். கே. எம். செல்லப்பா என்ற ஒரு தனிமனிதர் 1933 இல் தம் வீட்டில் இருந்த நூல்களை அயலவர்களுக்கு வாசிக்கக் கொடுத்ததிலிருந்து அது தொடங்கியது. 1934 இல் ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய அறையில் 844 நூல்களோடு அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் நகரத்தின் சபை அதைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையான பின், பெரிய கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. முதல் மாநகர முதல்வர் சாம் ஏ. சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளாரும் அதற்காக முன்னின்று உழைத்தார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் கட்டடத்தை வரைந்தார். 1959 இல் அது திறந்து வைக்கப்பட்டது.

இதிலே யாருக்கு மாலை? முதல் நூலைக் கொடுத்தவருக்கா, பணம் திரட்டியவருக்கா, வரைந்தவருக்கா, திறந்து வைத்தவருக்கா? லோங் அடிகளாருக்கு நூலக வளவிலே சிலை உண்டு, அது தகும். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு, சைவர் பெரும்பான்மையாக வாழும் நகரம், கலைமகளின் சிலையும் நிற்கும் வளவிலே சிலை வைத்தது அந்த நகரத்தின் மனத்தின் அளவைக் காட்டுகிறது. கனம் கொடுப்பவரிடத்திலேயே தங்கியிருக்கிறது என்று மேலே சொன்னோமே, அதன் பொருள் இங்கே விளங்கும். அந்தச் சிலை அடிகளாரைப் பற்றிச் சொல்வது பாதி. யாழ்ப்பாண மக்களைப் பற்றிச் சொல்வது மறுபாதி. ஆனால் செல்லப்பா என்ற பெயரை இன்று அந்த நூலகத்தில் வாசிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? நுழைவாயிலில் நின்று கேட்டுப் பாருங்கள். விதையிட்டவனை மறந்து, மரத்தைத் திறந்து வைத்தவனை நினைவில் வைத்திருப்பது எல்லா ஊர்களுக்கும் பொதுவான நோய்.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. தீ எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார். பின்னர் கட்டடம் புனரமைக்கப்பட்டபோது, திறப்பு விழாவைப் பற்றி எழுந்த சர்ச்சையில் 2003 பெப்ரவரியில் மாநகர சபை உறுப்பினர்கள் பதவி துறந்தார்கள். எவர் திறப்பது, எப்போது திறப்பது என்று பெரியவர்கள் முரண்பட்டு நின்ற காலத்திலும் மாணவனுக்கு வேண்டியிருந்தது திறந்த கதவு ஒன்றே. அந்தக் கதவு பின்னர் திறந்தது, வாசகர் வந்தார்கள். ஒரு நூலகத்துக்கு ஊர் செய்யக்கூடிய முதல் மரியாதை அதில் போய் உட்கார்ந்து வாசிப்பதே. அதைச் செய்பவர்கள் எந்த மேடையிலும் ஏறுவதில்லை.

இனி மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். சாட்சி சொல்பவன் தன் சாட்சியத்தின் மறைவில் வேறு உண்மையை மூடக் கூடாது என்றோம். இங்கேதான் மனச்சாட்சியைத் தொடும் பிரச்சினை இருக்கிறது.

விடியுமுன் எழுந்து எமது தெருக்களைக் கூட்டும் சுகாதாரத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். சுகாதாரத்துக்காகவே உள்ளூராட்சி பிறந்தது என்றால், அந்தப் பணியைத் தன் கையால் செய்பவரே சபையின் முதல் அங்கம். வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் ஊரின் கழிவைத் தலையில் சுமந்தவர்கள் அவர்களுடைய பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும். அந்தத் தொழிலோடு சாதியின் சுமையையும் ஊர் அவர்கள் தலையிலேயே வைத்தது. கிணற்றிலும் கோவிலிலும் தேநீர்க் கடையிலும் அவர்கள் எட்ட நிறுத்தப்பட்டார்கள். சிற்சில இடங்களில் எமது ஆலயங்களின் பின் வரிசையிலும் நிறுத்தப்பட்டார்கள். இன்று வாளி இல்லை. ஆனால் அந்தத் தொழிலைச் செய்பவரின் பிள்ளைக்குத் திருமணப் பேச்சு வரும்போது, ஊர் பழைய கணக்கைத் திறக்காமல் விடுகிறதா?

அண்மைக் கால வரலாற்றிலிருந்து ஒன்று சொல்வேன். 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிவுற்றது. அதே மாதத்தில் நடைபெறவிருந்த தேர்தல் நடத்தப்படவில்லை. அத்தேர்தல் நடத்தப்படாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 ஆம் திகதியே தேர்தல் நடந்தது. அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எமது சபைகளில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. ஆணையாளர்களும் செயலாளர்களுமே நிர்வகித்தார்கள். கதிரைகள் வெறுமையாக இருந்தன. தும்புத்தடியும் தள்ளுவண்டியும் ஒரு நாளும் ஓயவில்லை. சபை இல்லாமல் ஊர் இரண்டு ஆண்டு சமாளித்தது. துப்புரவுப் பணி இல்லாமல் இரண்டு வாரம் சமாளித்திருக்குமா?

ஆகவே ஒரு சபை இவர்களைக் கனம்பண்ண முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் ஒரு தொழிலாளிக்கு மண்டபத்தில் பொன்னாடை போர்த்த ஒரு பிரேரணை வருகிறது. நல்ல பிரேரணைதான். ஆனால் அவர் பல ஆண்டுகள் நாட்கூலியாகவே வைத்திருக்கப்பட்டவர். நிரந்தர நியமனம் பிந்தியே கிடைத்தது. அதனால் ஓய்வூதியம் குறைகிறது. வெறுங்கையால் கண்ணாடித் துண்டுகளையும் ஊசிகளையும் அள்ளியவர். மேடைக்கு அழைக்கப்படும்போது அவர் தவிசாளரைப் பார்த்து, “ஐயா, எனக்குப் பொன்னாடை வேண்டாம், பின்னால வாற பெடியளுக்குச் சப்பாத்தும் கையுறையும் குடுங்கோ” என்று சொன்னால், சபை என்ன விடை கூறும்?

வாசகரே, இங்கே இரண்டு தரப்பாரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். நீதி வேறு, கனம் வேறு. கூலிப் பிரச்சினை முழுவதும் தீரும்வரை காத்திருந்தால் எவரையும் என்றைக்கும் கனம்பண்ண முடியாது. அந்த மனிதர் அதற்கிடையில் இறந்தும் போவார் என்று ஒரு தரப்பார் சொல்வர். அதுவும் உண்மையே. நியமனமும் சம்பளத் திட்டமும் பெரும்பாலும் ஒரு சிறிய சபையின் கையில் மட்டும் தங்கியிருப்பவை அல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன் பாராட்டுவது கடன்காரன் கடன் கொடுத்தவனுக்குப் பாட்டுப் பாடுவது போன்றது. மாலையைக் கழுத்தில் போட்டு வாயை அடைக்கும் தந்திரம் இது என்று மறுதரப்பார் சொல்வர். இதுவும் உண்மையே.

என் எண்ணம் இதுதான். கடன்பட்ட சபையும் கனம்பண்ணலாம். ஆனால் அந்தக் கடனை அதே வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். “இவர் முப்பது ஆண்டுகள் இப்பட்டினத்தைச் சுத்தமாக வைத்திருந்தார், இவருக்குரியதைச் சபை உரிய காலத்தில் கொடுக்கவில்லை, இவருக்குப் பின் வருவோருக்கு இன்ன பாதுகாப்பு இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்படுகிறது” என்ற மூன்று வாக்கியங்களும் ஒரே பிரேரணையில் இருக்குமானால், அந்தப் பொன்னாடை உண்மையான சாட்சியமாகும். முதல் வாக்கியத்தை மட்டும் வாசித்துக் கைதட்டிவிட்டுப் போனால், சொன்னது உண்மையாயிருந்தும் சொல்லாமல் விட்டது அதைப் பொய்யாக்கிவிடும். நீதிக்குப் பதிலாகக் கனத்தைக் கொடுக்க முடியாது. நீதியைச் செய்யத் தன்னைப் பலர் முன்னிலையில் கட்டிப்போடும் கனமோ, வெறும் கூலி உயர்வாலும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கும். தலைமுறை தலைமுறையாகத் தாழ்வு என்று சொல்லப்பட்ட உழைப்பை, ஊரின் அதிகாரபூர்வமான வாய் மேன்மை என்று சொல்லும். சம்பளப் பட்டியலில் அந்தச் சொல் இடம்பெறுவதில்லை.

இந்தச் சிந்தனையிலிருந்து சில நடைமுறை விதிகள் பிறக்கின்றன. எமது புதிய சபைகள் இவற்றைக் கவனத்துக்கு எடுத்தால் நன்று.

ஒன்று, பாராட்டுப் பிரேரணை எதுவாயினும் அதன் காரணம் ஆண்டோடும் இடத்தோடும் கூட்டறிக்கையில் எழுதப்பட வேண்டும். வாடும் மாலைக்கும் மங்கும் பொன்னாடைக்கும் பின் எஞ்சுவது அந்த எழுத்தே. எம் முன்னோரின் கல் செய்த வேலையை இன்று கூட்டறிக்கைப் புத்தகம் செய்ய வேண்டும்.

இரண்டு, பெயர்களைச் சபை மண்டபத்துக்குள் இருந்து தேடக் கூடாது. சனசமூக நிலையங்களும், மாதர் சங்கங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும் தத்தம் குறிச்சியில் சத்தமின்றி உழைப்பவரை அறியும். அவர்களைக் கேட்க வேண்டும். தன் பெயரைத் தானே அனுப்பி வைப்பவரின் விண்ணப்பத்தை மெல்ல ஒரு புறம் வைத்துவிடலாம்.

மூன்று, பிரேரிப்பவர் ஒரு கட்சியினராயின் வழிமொழிபவர் வேறு கட்சியினராக இருக்கட்டும். 2018 முதல் நடைமுறையில் உள்ள கலப்புத் தேர்தல் முறையின் பயனாகப் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பதில்லை. தவிசாளரைத் தெரிவு செய்வதிலேயே பகை மூண்டுவிடுகிறது. ஒரு நல்ல மனிதரின் பெயரிலாவது இரு பக்கத்தாரும் ஒன்றாகக் கை உயர்த்தப் பழகினால், அந்தப் பழக்கம் நாளடைவில் வாய்க்காலுக்கும் மதகுக்கும் பரவக்கூடும்.

நான்கு, கனம்பண்ணுபவர்களின் படம் எந்தப் பதாகையிலும் வேண்டாம். விழாச் செலவு விருதிலும் பெரிதாக வேண்டாம். மேடையில் பேசும் நேரத்தில் பாதியையாவது பாராட்டப்படுபவருக்குக் கொடுங்கள். பன்னிரண்டு பேர் அவரைப் பற்றிப் பேசி முடிக்கும்போது அவர் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுகிறது.

ஐந்து, ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து செய்த காரியத்துக்குத் தனி ஒருவரைத் தேடிப் பிடித்து மாலை போடாதீர்கள். சிரமதானத்தால் ஓர் ஒழுங்கை திருத்தப்பட்டதா? அந்த ஒழுங்கைக்கு மின்விளக்குப் போட்டுக் கொடுங்கள். வாசிகசாலையை இளைஞர்கள் தாமே நடத்துகிறார்களா? ஓராண்டுக்குப் பத்திரிகைகளையும் நூல்களையும் சபை வாங்கிக் கொடுக்கட்டும். ஊருக்குச் செய்யும் கனம், ஊர் தொடங்கியதைச் சபை தொடர்ந்து செய்வதே.

இவ்வளவும் சபைக்கு. உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லையா? வரி கொடுப்பவர்களும் வாக்களிப்பவர்களும் நாமே. சபை எங்கள் பெயரால் சாட்சி சொல்கிறது என்றால், அந்தச் சாட்சியம் பொய்யாகும்போது நாமும் அதில் பங்காளிகள். சபை என்ன தீர்மானித்தது, எதற்குச் செலவிட்டது என்று கேட்டறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கு வழி திறந்திருக்கிறது. கேட்பவர்கள் எத்தனை பேர்? சபையைத் திட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே சொல்கிறோம். அது திருத்தப்பட்டு எரியும்போது, ஏணியில் ஏறித் திருத்திய தொழிலாளிக்கு நன்றி சொல்ல எவர் போகிறார்?

அரசாங்கமும் சபையும் பட்டம் வழங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கனம் உண்டு. உங்கள் ஒழுங்கையைக் கூட்டும் மனிதரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையில் கேட்டறியுங்கள். கேட்டபின் அந்தப் பெயரால் அவரை அழையுங்கள். அவர் உங்களிலும் மூத்தவராயின் அண்ணை என்றோ அக்கா என்றோ சேர்த்து அழையுங்கள். உடைந்த போத்தலைக் கடதாசியில் சுற்றி, அவர் கையைக் கிழிக்காதவாறு வையுங்கள். வெயிலில் வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பதானால், உங்கள் வீட்டார் குடிக்கும் அதே குவளையில் கொடுங்கள். இதற்குப் பிரேரணையும் வேண்டாம், வழிமொழிவும் வேண்டாம்.

இப்படிப்பட்ட வீடுகள் ஒரு வட்டாரத்தில் பெருகுமானால், அந்த வட்டாரத்திலிருந்து சபைக்குப் போகும் உறுப்பினருக்கு யாரைப் பாராட்ட வேண்டும் என்று எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கையுறைக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தானாகவே தெரிந்திருக்கும்.